செட்டிநாட்டு வளவு வீடு: வயதைக் கணிப்பதும், கை வைக்கும் முன் பார்க்க வேண்டியதும்

#1 கல்தூண்_77

கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் மூன்று கட்டு (ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பகுதி) வீடு ஒன்று. பத்திரத்தில் கட்டிய ஆண்டு இல்லை. முகப்பில் சுதைக் கஜலட்சுமிக்குக் கீழே "பிரபவ வருஷம் தை மாதம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஏழு பங்கு. பாதிப் பேர் பழுது பார்க்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் தேக்கை விற்றுவிட்டு மனையைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

கேள்விகள் மூன்று. வீட்டின் வயதை எப்படி உறுதி செய்வது? இதில் காப்பாற்றும் அளவுக்கு என்ன இருக்கிறது? வளவின் (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) மூலையில் ஒழுகல், முகப்பு மட்டப்பாவில் (தட்டையான மேல்தளத்தில்) ஈரம், சுவரின் அடியில் காரை பொரிந்து உதிர்கிறது. எதில் தொடங்குவது?

#2 பட்டாலை

பிரபவ என்பது அறுபதாண்டுச் சுற்றின் முதல் வருஷம். அந்தத் தை 1868 ஜனவரி-பிப்ரவரியாகவும் இருக்கலாம், 1928 ஜனவரி-பிப்ரவரியாகவும் இருக்கலாம். எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அது முகப்பு முடிந்த தேதி. வளவு கட்டிய தேதியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

செட்டிநாட்டில் ஒரே மூச்சில் எழுந்த வீடுகளும் உண்டு. ஆனால் பணம் வர வர முன்னாலும் பின்னாலும் வளர்ந்த வீடுகள் ஏராளம். வளவு பழையது, ஒரே தளம், நாட்டு ஓடு. அதற்கு முன்னால் அடுத்த தலைமுறை மாடியோடு முகப்பைக் கட்டும், ஆல்வீட்டை (பெரிய கூடத்தை) சேர்க்கும். எனவே "வீட்டின் வயது" என்று கேட்காமல் கட்டுக்குக் கட்டு தனியாக வயது கேளுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்:

முகப்புச் சுவரும் வளவுச் சுவரும் சேரும் மூலையில் செங்கல் வரிசை ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கிறதா, அல்லது மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு விரிசல் ஓடுகிறதா? நேர்கோடு என்றால் இரண்டும் வேறு வேறு காலத்து வேலை. அது பழுதினால் வந்த விரிசல் அல்ல, பயப்பட வேண்டாம்.

இரு பக்கத்துச் செங்கல் அளவும் எடுங்கள். காரை ஏற்கெனவே பெயர்ந்த இடத்தில் பத்துக் கல்லின் நீளம், அகலம், கனம் எடுத்து சராசரி போடுங்கள். பழைய நாட்டுச் செங்கல் தட்டையாக, கனம் குறைவாக இருக்கும்.

இரும்பு உத்திரம் இருந்தால் அதன் நடுப்பட்டையில் உருட்டாலை முத்திரை புடைத்து நிற்கும். துருவைத் தேய்க்காமல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து தெரியும். சுவரில் பூ ஓடு இருந்தால் பெயர்ந்து கிடக்கும் துண்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஜப்பான் முத்திரை என்றால் பெரும்பாலும் 1920-களும் 30-களும். 1941 டிசம்பருக்குப் பிறகு அந்தச் சரக்கு வர வழியே இல்லை.

#3 ஓட்டடை

ஆத்தங்குடிக் கல் தரையா? அப்படின்னா 150 வருஷம் நிச்சயம். யோசிக்கவே வேண்டாம்.

#4 ஊருணிக்கரை

அது தலைகீழ்க் கணக்கு, நண்பரே. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல, சிமெண்டில் வார்த்தது. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சியே 1904-ல் சென்னையில்தான், அதுவும் நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் தொழில் ஊன்றியது. அதற்கு முன்பு சீமையிலிருந்து பீப்பாயில் வந்த சிமெண்ட் இருந்தது, ஆனால் பத்தி (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) முழுக்க இறைக்கிற பொருள் அல்ல. எனவே ஆத்தங்குடித் தரை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. பழைய வளவில் அது இருந்தால் அடியில் இன்னொரு தரை தூங்கிக்கொண்டிருக்கலாம். வாசற்படி ஓரத்தில் உடைந்த ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள்: சுண்ணாம்புத் தளமோ செந்தரையோ கிடைத்தால் அதுவே முதல் தரை.

கல் செய்யும் முறை தெரிந்தால் பராமரிப்பும் தானாகப் புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவல், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ஈரச் சாந்து நிரப்பி மட்டம் பார்த்துச் சட்டத்தைக் கழற்றுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறல். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் பதிந்திருக்கும். பாலிஷ் போட்ட பளபளப்பு அல்ல அது.

ஆக, நிறம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர் மட்டும். பாலிஷ் மெஷின் விட்டால் பூ தேய்ந்துபோகும். ஆசிட் ஊற்றினால் சிமெண்ட் அரிக்கும், அப்புறம் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் மங்கல்தான். வெறும் தண்ணீர், வாரம் ஒருமுறை துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். புதுக் கல் பதிக்கும்போது இணைப்பில் விட்ட சிமெண்ட் பாலை அப்போதே துடைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கறை ஆயுளுக்கும் போகாது.

#5 கல்தூண்_77

நன்றி. நேற்று அளந்த விவரங்கள்: முகப்புச் சுவரும் வளவுச் சுவரும் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் நேர்கோட்டு விரிசல். வளவுப் பக்கத்துச் செங்கல் கனம் குறைவு, முகப்புப் பக்கம் கனம் அதிகம். முகப்பில் இரும்பு உத்திரம், இடுப்பு உயரத்துக்குப் பூ ஓடு, பின்னால் ஜப்பான் முத்திரை. வளவில் கருங்கல் தூண், பத்தியில் ஆத்தங்குடிக் கல், அதன் அடியில் செந்தரை. இரண்டாம் கட்டின் கூரையில் தேக்கு இல்லை, பனங்கை (பனைமரச் சட்டம்). வளவைச் சுற்றி எட்டு அறை, ஒவ்வொன்றும் உள்ளே இன்னொரு சிறிய அறையோடு.

#6 பட்டாலை

அப்படியானால் முகப்புக்கு 1928 பொருந்துகிறது. இரும்பும் ஜப்பான் ஓடும் 1868-க்கு ஒத்துவராது. வளவு அதற்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதைப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் தேடுங்கள். வீடு கட்டிய ஆண்டை யாரும் பதியமாட்டார்கள், ஆனால் பங்கு பிரித்ததைப் பதிந்திருப்பார்கள். "மேற்படி வீட்டில் வடபுறம் இரண்டாவது அறையும் அதன் எதிர் பத்தியும்" என்பது போன்ற வாசகம் வந்தால், அந்தத் தேதியில் வளவு நின்றது உறுதி. கணினியில் வில்லங்கம் மிகப் பழைய காலத்துக்குக் கிடைக்காது. அதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: காப்பாற்ற என்ன இருக்கிறது?

எல்லோரும் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் படம் எடுப்பார்கள். விலை போகிற சாமான் என்பதால் கண் அங்கே போகிறது. என் கணிப்பில் இந்த வீட்டின் முதல் சொத்து அந்த எட்டு அறைதான்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவது அந்தக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் வேறு வைப்பார்கள்: ஒரே கூரை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவைச் சுற்றியுள்ள ஒவ்வோர் இரட்டை அறையும் ஒரு புள்ளிக்கு உரியது. வெளியறையில் தம்பதிகள், உள்ளறையில் பெண் கொண்டுவந்த சீர்ச்சாமான், பூட்டுப் போட்டு. மற்றவர்கள் படுத்து எழுந்தது பத்தியிலும் பட்டாலையிலும் (மேடையான கூடம்). அறைகள் ஏன் இவ்வளவு சிறியவை, சன்னல் ஏன் குறைவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவை பகலில் புழங்குவதற்குக் கட்டியவை அல்ல. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), சாவு என்று பொதுவாக நடந்த அத்தனையும் வளவில். கூட்டுக்குடும்பமும் தனிக்குடித்தனமும் ஒரே நேரத்தில் நடப்பதற்கு ஒரு தரைப்படம் உண்டு என்றால் அது இது. எட்டு அறை கட்டியவர் தனக்குப் பின் எட்டுப் புள்ளி வரை எதிர்பார்த்திருக்கிறார்.

முகப்பு இதற்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் திண்ணை, கணக்குப் பார்க்கும் இடம், வரவேற்பு. அங்கே வட்டித்தொழில் நடந்தது, வெளியாள் அதற்கு மேல் வரத் தேவையில்லை. இரண்டாம் கட்டில் பந்தியும் களஞ்சியமும். மூன்றாம் கட்டில் அடுப்படி, ஆட்டுக்கல், அம்மி, கிணறு, பின் தெருவுக்கு வாசல். மனை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். காற்று அந்தக் கோட்டில் ஓடி வளவின் திறப்பில் மேலே ஏறும். நடுவில் ஒரு நிலையை அடைத்து அலமாரி வைத்த வீட்டில் போய் நின்று பாருங்கள், மூச்சு முட்டும்.

காலமும் கட்டடத்தில் தெரிகிறது. 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் திறந்தது, ஐராவதிக் கழிமுகம் நெல் வயலானது. அந்த வயலுக்குக் கடன் கொடுத்தவர்களின் வட்டிதான் இந்த முகப்புகள். பிறகு 1930-களின் நெல் விலைச் சரிவில் கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ச்சி போலத் தெரியும். உண்மையில் ரொக்கம் மண்ணாக மாறிச் சிக்கிக்கொண்டது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, 1948-ல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் போட்டது. 1928-ல் முகப்புக் கட்டிய வீட்டில் இரண்டாம் கட்டின் கூரை ஏன் பனங்கையோடு நின்றது என்பதற்கு இதில் காரணம் இருக்கலாம். முன்பக்கத்தை மாற்றியவர்கள் பின்பக்கத்துக்கு வருவதற்குள் பணம் நின்றிருக்கலாம். அந்தப் பனங்கையை "மட்டமான மரம்" என்று பிடுங்கிவிடாதீர்கள்.

2014-லிருந்து செட்டிநாட்டு ஊர்த்தொகுதி யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பதால் உங்கள் ஓட்டை யாரும் வந்து மாற்றித் தரப்போவதில்லை. ஆனால் அந்த முன்மொழிவு தனி மாளிகைக்கு அல்ல, தெரு, ஊருணி, வீட்டு வரிசை எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு. ஒரு வீட்டை இடித்தால் வரிசையில் பல் விழுந்த மாதிரிதான்.

#7 காரைக்கொத்து

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். வரிசை இதுதான்: முதலில் மேலிருந்து இறங்கும் தண்ணீர், அடுத்து கீழே தேங்கும் தண்ணீர், அப்புறம் மரம், கடைசியில் பூச்சு. பெரும்பாலானவர்கள் பூச்சில் தொடங்குவார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஒரே மழைக்காலத்தில் போட்ட காசு உதிர்ந்துவிடும்.

வளவு மூலை: இரண்டு ஓட்டுச் சரிவும் சேரும் உள்மூலைதான் இந்த வீடுகளின் பலவீனம். கணக்குப் போடுங்கள். வளவை நோக்கிச் சரியும் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்தால், 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர். அதில் கணிசமான பங்கு நான்கு மூலை வழியாக இறங்கும். மூலைத் தகடு துருப்பிடித்து ஓட்டையானதும் மேஸ்திரி செய்வது சிமெண்ட் கலவையை அப்புவது. ஓடும் மரமும் வெயிலில் விரிந்து சுருங்கும், சிமெண்ட் அசையாது. ஒரே கோடையில் மயிரிழை விரிசல், அதில் இறங்கும் நீர் நேராக உத்திர முனைக்குப் போகும்.

செய்ய வேண்டியது: மூலையின் இருபுறமும் மூன்றடிக்கு ஓடு பிரித்து, அடிப்பலகை சரிபார்த்து, செம்புத் தகடு இரண்டடி அகலத்தில், மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் அரையடி ஏறும்படி. ஓரத்தை மேல்நோக்கி மடித்துவிட வேண்டும், வேகமாக வரும் நீர் தாண்டாது. ஓடு திரும்ப வேயும்போது நடுவில் நாலு விரற்கடை திறந்த வாய்க்கால் விடுங்கள். இலை அடைத்தால் கையால் எடுக்க முடிய வேண்டும். தகரம் மலிவுதான், ஆனால் திரும்பத் திரும்ப ஏற வேண்டிவரும். ஆள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நாட்டு ஓடு உடையும்.

வளவுத் தரையின் தூம்பை (நீர் வெளியேறும் வழியை) திறந்து பாருங்கள். தெருவை உயர்த்தி உயர்த்தி ரோடு போட்டதில் வெளிமுனை மண்ணுக்குள் போயிருக்கும். முன்பு அந்த நீர் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போனது. இப்போது அஸ்திவாரத்துக்குப் போகிறது. நீங்கள் சொன்ன, சுவரின் அடியில் காரையை உதிர்க்கும் ஓதம் (மண்ணிலிருந்து ஏறும் ஈரம்) அங்கிருந்து வருவதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓதம் ஏறிய சுவர்: கீழ் மூன்று நான்கடியில் யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் அதை எடுப்பதுதான் மருந்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை மூடினால் ஈரம் மேலே ஏறும், பூச்சு முடியும் இடத்துக்கு மேல் உப்புப் பூக்கும். உளியைச் சாய்வாகப் பிடித்து எடுக்க வேண்டும். மெஷின் வைத்து உடைத்தால் செங்கல் முகம் சேர்ந்து வரும். எடுத்தபின் ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்து விடுங்கள், வெளிவரும் உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகத் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும்.

#8 ஓட்டடை

பூச்சுக்கு எத்தனை ஆயிரம் முட்டை வாங்கணும்? செட்டிநாட்டுச் சுவரே முட்டை வெள்ளையில் கட்டியதுதானே.

#9 காரைக்கொத்து

சுவர் கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சில், அதுவும் மெல்லிய படலத்துக்கு. இந்தக் கதையால் ஒரு கெடுதல்: வெள்ளைக்கரு இருந்தால் போதும், சுண்ணாம்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். விஷயம் சுண்ணாம்பில்தான் இருக்கிறது.

பையில் வரும் பொடிச் சுண்ணாம்பு பெரும்பாலும் காற்றுப் பட்டுப் பாதி செத்தது. சுட்ட கல்லோ கிளிஞ்சலோ வாங்கி நீற்ற வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி போடாமல் ஒருவரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது, வெண்ணெய் மாதிரி வரும். நீறாத கட்டி ஒன்று கலவையில் போனாலும், பூசிய பிறகு சுவருக்குள் நீறி ஊதி, காசு அளவுக்குப் பூச்சு தெறித்து விழும்.

அடிப்பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல், அரை அங்குலம். கடல் மணலோ ஏரி வண்டலோ கூடாது. செக்கில் அரைத்த கலவைக்கும் மண்வெட்டியால் புரட்டியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாம் பூச்சு ஒன்றுக்கு இரண்டு, கால் அங்குலம். அதன்மேல் அரைத்த சுண்ணாம்பும் நைஸ் மணலும். கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு மாக்கல் பொடி, விரும்பினால் வெள்ளைக்கரு. அது இழுக்கும் பக்குவத்தில் கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்கினால் நிறுத்தவே கூடாது. பாதியில் டீ குடிக்கப் போனால் அந்த இடம் வட்டமாகத் தெரியும்.

கடுக்காய், கருப்பட்டி அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். இணையத்தில் பார்த்த அளவை அப்படியே போடாதீர்கள். பின்கட்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மூன்று கட்டம் பூசி, அளவை மாற்றி, ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். இனிப்பு கூடினால் இறுகத் தாமதம், எறும்பும் வரும்.

காலம்: ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம், அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவது அல்ல, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் திரும்பக் கல்லாவது. அதற்கு ஈரம் வேண்டும், மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் உள்ளே போகும். மாசி, பங்குனி நல்லது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரம். அவசரக்காரர்களுக்கு இந்தப் பூச்சு சரிப்படாது.

#10 சட்டம்_உத்திரம்

மரம் பற்றி யாரும் பேசவில்லை. பர்மா தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. வயிரத்தை (மரத்தின் கெட்டியான உட்பகுதியை) எளிதில் தொடாது, வெளிப்பட்டை ஒட்டிய வெளிர் மரத்தைத் தின்னும். அதைவிட முக்கியம், நனைந்துகொண்டே இருந்தால் எந்தத் தேக்கும் மக்கும். உத்திரத்தின் நடுப்பாகம் கண்ணாடி போல இருக்கும், சுவருக்குள் போன ஒன்றேகால் அடி பஞ்சாகியிருக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது.

சோதனை: சுவர் ஓரத்திலிருந்து சுத்தியலின் பின்புறத்தால் நடுவை நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற ஓசை எந்த இடத்தில் மொத்தென்று மாறுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் துளைப்பான் கொண்டு கீழிருந்து மேலாகச் சாய்த்து ஒரு துளை. வரும் தூள் வெளிர்மஞ்சளாக, எண்ணெய் வாசனையோடு இருந்தால் நல்ல மரம். காப்பித்தூள் மாதிரி கருத்து ஈரமாக வந்தால் போய்விட்டது. நடுப்பகுதியில் துளை போடாதீர்கள், வளைவு தாங்குவது அங்கேதான்.

முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. இருபக்கமும் முட்டு கொடுத்து, மக்கிய முனையை நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே வயதுத் தேக்கில் சாய்வெட்டு இணைப்பு. இணைப்பின் நீளம் உத்திர உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. பக்கத்துக்கு ஒரு இரும்புப் பட்டை, ஊடுருவிய போல்ட். பாரம் எவ்வளவு என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுச் சொல்லட்டும், ஆசாரியின் கண் மட்டும் போதாது. சுவரில் திரும்ப வைக்கும்போது முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடம் விட்டு, அடியில் கருங்கல் துண்டு கொடுங்கள். சிமெண்டால் அடைத்தால் திரும்ப அதே கதை.

பனங்கையில் வண்டு துளை இருந்தால் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் அது பழைய காயம், மருந்து வீண்.

#11 ஈரச்சுவர்

மட்டப்பா ஒழுகலுக்கு எளிய வழி: மேலே மூன்று அங்குலம் கான்கிரீட், அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

#12 சட்டம்_உத்திரம்

முடிந்துவிடும், சரி. எது என்பதுதான் கேள்வி.

மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 180 கிலோ. ஏற்கெனவே அங்கே இருப்பது: ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கட்டைகள், அதன்மேல் அச்சுக்கல்லை (சிறு செங்கல்) குத்துக்கல்லாக மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதித்த வரிசை, அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை, மேலே தட்டோடு. இதுவே சதுர மீட்டருக்கு 250-300 கிலோ வரும். முனை மக்கிய கட்டையின் மேல் இன்னும் 180 கிலோ ஏற்றி, மேலே பெயிண்ட் போட்டு ஈரம் வெளியேறும் வழியையும் அடைக்கிறீர்கள். விழும்போது சொல்லிவிட்டு விழாது. இதே காரணத்தால் மட்டப்பாவில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கும் கூடாது, அது ஒரு டன்.

செய்ய வேண்டியது ஏற்றுவது அல்ல, இறக்குவது. காலங்காலமாக மேலே போட்ட சிமெண்டுப் பூச்சுகளைச் சுரண்டி இறக்கி, தட்டோட்டின் இணைப்புகளைச் சுண்ணாம்பில் திரும்ப நிரப்புங்கள். காரையே பொடிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி, புதுச் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, கட்டையால் நாள் கணக்கில் அடிக்க வேண்டும். அடித்த கட்டை தடம் பதியாமல் துள்ளினால் போதும். வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது இருக்கட்டும்.

#13 நத்தம்பட்டா

பங்கு விஷயம். "தேக்கை விற்றுவிடலாம்" என்பவர்களுக்கு இரண்டு தகவல்.

ஒன்று: 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தில் நூறு ஆண்டுக்குக் குறையாத, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அதை வியாபாரமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி கிடையாது. வளவின் செதுக்கிய நிலையும் கதவும் நூறு ஆண்டைத் தாண்டியவை என்றால் இது நேராக உங்களைத் தொடும். வீட்டு வாசலில் லாரியோடு வந்து நிற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

இரண்டு: பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி மற்றப் பங்காளி அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். வீட்டை விட விரும்பாதவர்களுக்கு இது பெரிய பிடி.

ஏழு பங்கு என்ற கணக்கையும் திரும்பப் பாருங்கள். பெண் மக்களைச் சேர்த்தீர்களா? அவர்களுக்கும் பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டில் 1989 திருத்தம், நாடு முழுக்க 9-9-2005 திருத்தம், 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 20-12-2004-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இல்லையென்றால் ஏழு என்பது கூடக்கூடும். ஒரு வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்க்காமல் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பழுதுச் செலவை யார் போட்டார்கள், எவ்வளவு, அது பங்கை மாற்றாது என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்பந்தமும் தேவை. இந்த வீடுகளைக் கரையானைவிட அதிகம் தின்றது கணக்குத் தகராறு.

#14 கல்தூண்_77

பங்காளிகளிடம் இந்த இழையையே அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று. வளவுத் திறப்பின் வழியாகக் குரங்கும் மயிலும் இறங்குகின்றன. மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்கிறார்கள், மழையும் நின்றுவிடுமாம். சரியா?

#15 பட்டாலை

வேண்டாம். சூடான காற்று வெளியேறும் ஒரே புகைபோக்கி அது. மூடினால் சித்திரையில் பத்தியில் உட்கார முடியாது, ஈரம் தங்கி உத்திரத்தில் பூஞ்சை வரும். கம்பி வலை போதும். இரும்புக் குழாய்ச் சட்டம், ஒன்றரை அங்குலக் கண்ணி. சுவரிலோ உத்திரத்திலோ துளை போடாமல், நாலு மூலையிலும் தூண் தலைக்கு மேல் இரும்புக் கவ்வி வைத்து உட்கார வையுங்கள். ஒரு பக்கம் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தால் மூலை வாய்க்காலில் இலை எடுக்கலாம்.

#16 காரைக்கொத்து

ஓட்டு வேலையை ஆடிக்குள் முடியுங்கள். அந்த வலையையும் ஓடு வேய்ந்த பிறகு மாட்டுங்கள், முன்னால் மாட்டினால் சாரம் கட்ட இடமிருக்காது. பிரிக்கும்போது நல்ல ஓடு, விரிசல் ஓடு என்று அன்றன்றே தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு எத்தனை ஓடு, எத்தனை அடுக்கு என்று பிரிக்கும் முன்பே எண்ணிச் சுவரில் எழுதிவிடுங்கள். ஆள் மாறினால் அடுக்கைக் குறைத்து வேய்ந்துவிட்டு, மிச்ச ஓட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.